ஒரு பிட்டும் குறையாமல்: வேடந்தாங்கல் ஒலியும் ஃபிளாக் கோப்பும்

வேடந்தாங்கல் ஏரிக்கரை மரமொன்றில் ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டி, வினாடிக்கு 48,000 மாதிரி (ஒலி அலையின் அளவை ஒரு கணத்தில் குறிக்கும் எண்), மாதிரிக்கு 16 பிட், ஒற்றைத் தடம் என்ற சாதாரண அளவில் ஓடவிட்டால் வினாடிக்கு 96,000 பைட் சேரும். ஒரு மணி நேரத்துக்கு 346 எம்பி, ஒரு நாளைக்கு 8.3 ஜிபி. பறவைகள் கூடும் நவம்பர் முதல் மார்ச் வரையிலான 151 நாட்களுக்குக் கணக்கிட்டால் ஒன்றேகால் டெராபைட் ஆகிறது. இது ஒரு கருவியின் கணக்கு. கரையைச் சுற்றி ஐந்து கருவி வைத்து, பாதுகாப்புக்கு இன்னொரு நகலும் எடுத்தால் பன்னிரண்டு டெராபைட்டைத் தாண்டும்.

இந்தச் சுமையைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. காதுக்குத் தெரியாது என்று கருதப்படும் பகுதியை நீக்கிவிடுவது ஒன்று. எம்பி3, ஏஏசி, வாட்ஸ்அப் குரல் செய்தியில் பயன்படும் ஓபஸ் எல்லாம் இந்த வகை. பதிவிலுள்ள எண்களில் ஒன்றையும் விடாமல், குறைந்த இடத்தில் எழுதிவைப்பது மற்றொன்று. இதற்கு இழப்பில்லா சுருக்கம் என்று பெயர். விரித்துப் பார்க்கும்போது முதலில் இருந்த எண்களே, வரிசை மாறாமல், ஒரு பிட்டும் பிசகாமல் திரும்பி வரும். ஃபிளாக், ஆப்பிளின் ஏலாக், வேவ்பேக், மங்கீஸ் ஆடியோ ஆகியவை இந்த வகை.

பாட்டுக் கேட்பவருக்கு இரண்டில் எது கிடைத்தாலும் பெரும்பாலும் குறை தெரியாது. வேடந்தாங்கல் போன்ற ஓர் இடத்தின் ஒலிக்கு அப்படிச் சொல்ல முடியாது.

மதுராந்தகம் வட்டத்தில் உள்ள இந்த ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். நீர்க்கடம்பும் கருவேலமும் தண்ணீருக்குள்ளேயே நிற்க, அவற்றின் கிளைகளில் கூடுகள் நெருக்கமாக அமைகின்றன. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால் ஊரார் தலைமுறை தலைமுறையாக இந்தப் பறவைகளைக் காத்து வந்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் அந்த உரிமைக்கு அங்கீகாரம் கொடுத்தார். 2022இல் இந்த ஏரி ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. இத்தனை சிறிய இடத்தில் இத்தனை பறவை கூடுவதால் ஒலி அடுக்கடுக்காகக் கிடக்கிறது: நீர்க்காகத்தின் கரகரப்பு, அந்தி சாயும்போது இரை தேடக் கிளம்பும் வக்காவின் ‘குவாக்’, எல்லாவற்றுக்கும் மேலே இரை கேட்டு ஓயாமல் கத்தும் குஞ்சுகள். வளர்ந்த நத்தைகுத்தி நாரைக்குக் குரல் இல்லை என்றே சொல்லலாம். அலகின் இரு பாதிகளையும் படபடவென்று தட்டித்தான் அது பேசுகிறது.

இந்த அலகுத் தட்டலில்தான் எம்பி3இன் பலவீனம் வெளிப்படும். எம்பி3 ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எந்தச் சுருதி எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடுகிறது. மனிதக் காது ஓர் உரத்த ஒலியின் அருகிலுள்ள மெல்லிய ஒலியைக் கவனிக்காது. இந்த மறைப்பைப் பயன்படுத்தி, மெல்லியவற்றை முரட்டுத்தனமாக முழு எண்ணாக்குகிறது. அதில் ஏற்படும் பிழை, துண்டு முழுவதும் பரவி நிற்கும். தொடர்ந்து இழையும் வீணை ஒலியில் அது கேட்காது. நிசப்தத்தின் நடுவே ‘டக்’ என்று விழும் அலகொலியில், தட்டலுக்குச் சில மில்லி வினாடி முன்பாகவே ஒரு சலசலப்பு தோன்றிவிடும். பொறியாளர்கள் இதை முன்னெதிரொலி என்கிறார்கள். எம்பி3இல் இதைத் தணிக்கக் குறுந்துண்டு ஏற்பாடு உண்டு. தணிக்குமே தவிர, நீக்காது. ஒரு தட்டலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி எவ்வளவு என்று அளக்க வரும் ஆய்வாளருக்கு, எப்போது தொடங்கியது என்ற விளிம்பே மங்கிப்போகிறது.

வினாடிக்கு 128 கிலோபிட் அளவில் செய்த எம்பி3 கோப்பை நிறமாலைப் படமாக விரித்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். சுமார் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேலே படம் கத்தரித்தாற்போல் வெறுமையாக இருக்கும். ஏரியின் மேல் பூச்சி பிடிக்கும் சிறு வௌவால்களில் 40,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி எழுப்புபவை உண்டு. எம்பி3 ஏற்கும் அதிகபட்ச மாதிரி வேகமே 48,000 என்பதால், அதில் பாதியான 24,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட எதற்கும் அதில் இடமே இல்லை. மனிதக் காதை அளவுகோலாக வைத்து எதைத் தள்ளலாம் என்று முடிவு செய்யும் முறை, மனிதருக்காக எழுப்பப்படாத ஒலிக்குப் பொருந்தாது. இன்னும் முப்பது ஆண்டு கழித்து ஒருவர் இந்தப் பதிவில் என்ன தேடுவார் என்று இன்று யாருக்கும் தெரியாது. பறவையைத் தேடலாம், தவளையைத் தேடலாம், நெடுஞ்சாலை இரைச்சல் எவ்வளவு கூடியது என்று பார்க்கலாம். தள்ளியதைத் திரும்பப் பெற வழியில்லை. எம்பி3ஐ ஃபிளாக்காக மாற்றினால் கோப்பு பெரிதாகுமே ஒழிய, போன ஒலி வராது.

அப்படியானால் எதையும் தள்ளாமல் சுருக்குவது எப்படி? ஆவணங்களைச் சுருக்கும் ஜிப் இங்கே உதவாது. திரும்பத் திரும்ப வரும் தொடர்களைக் கண்டுபிடித்து ஒருமுறை மட்டும் எழுதுவது ஜிப்பின் வழி. இயற்கை ஒலியில் ஒரே எண் வரிசை அப்படியே மறுபடி வருவது அரிது. ஆனால் ஒலி அலை திடீரென்று எங்கும் தாவுவதில்லை. ஏறினால் ஏறிக்கொண்டே போய் வளைந்து இறங்குகிறது. ஆகவே, போன எண்களைப் பார்த்து அடுத்த எண்ணை ஓரளவு ஊகிக்கலாம்.

ஒரு பதிவில் அடுத்தடுத்த மாதிரிகள் 100, 130, 158, 183, 206, 226 என்று வருவதாகக் கொள்வோம். முந்தைய இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தொடரும் என்று ஊகித்தால், 100, 130க்குப் பின் 160 வர வேண்டும். வந்தது 158, பிழை −2. அடுத்து 186 வர வேண்டும், வந்தது 183, பிழை −3. தொடர்ந்தால் −2, −3. கோப்பில் முதல் இரண்டு எண்ணையும், ஊகிக்கும் விதியையும், இந்தச் சிறு பிழைகளையும் மட்டும் எழுதினால் போதும். படிக்கும் கருவி அதே விதியால் அதே ஊகத்தைச் செய்து, பிழையைக் கூட்டி, உண்மை எண்ணை அப்படியே மீட்டுவிடும். ஊகம் தவறுவதால் ஒலிக்கு எந்தப் பாதகமும் இல்லை. தவறு பெரிதானால் கோப்பு சற்றுப் பெரிதாகும், அவ்வளவுதான்.

சிறு எண்ணைச் சிறு இடத்தில் எழுத, அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் பணியாற்றிய ராபர்ட் ரைஸ் 1970களில் உருவாக்கிய குறியீட்டு முறை பயன்படுகிறது. விண்கலங்கள் அனுப்பும் தரவுக்காகப் பிறந்த முறை இது. மேலே கண்ட கணக்கில் தகுந்த அளவுருவைத் தேர்ந்தால் −2 மூன்று பிட்டிலும், −3 நான்கு பிட்டிலும் அடங்கிவிடும். முதலில் ஒவ்வொன்றுக்கும் 16 பிட் தேவைப்பட்டது.

நிஜக் கோப்பில் ஊகிக்கும் விதி இவ்வளவு எளிதல்ல. முந்தைய எட்டு, பத்து, பன்னிரண்டு மாதிரிகளுக்குத் தனித்தனி எடை கொடுத்துக் கூட்டி அடுத்ததைக் கணிப்பார்கள். நேரியல் முன்கணிப்பு எனப்படும் இந்தக் கணக்கை மனிதப் பேச்சுக்குப் பொருத்தியவர்களில் முக்கியமானவர் கான்பூரில் பிறந்த பிஷ்ணு அடல். லக்னோவிலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் படித்தவர், 1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். 1960களின் பிற்பகுதியில் அவரும் மான்ஃபிரட் ஷ்ரோடரும் தொலைபேசிப் பேச்சைக் குறைந்த பிட்டில் அனுப்ப இதைக் கையாண்டார்கள். ஜப்பானில் இடாகுராவும் சைட்டோவும் ஏறக்குறைய அதே காலத்தில் அதே இடத்தை வந்தடைந்தார்கள். அடலும் ஷ்ரோடரும் 1979இல், காதின் மறைப்புத் தன்மையைப் பயன்படுத்திப் பிழையை ஒளிக்கும் வழியையும் பேச்சுக்குச் செய்து காட்டினார்கள். தள்ளிச் சுருக்குவது, தள்ளாமல் சுருக்குவது என்ற இரண்டு மரபிலும் ஓர் இந்தியரின் கைவண்ணம் இருப்பது இங்கே பரவலாகச் சொல்லப்பட வேண்டிய செய்தி.

இந்த ஊகமும் ரைஸ் குறியீடும் சேர்ந்த வடிவத்தில் முதலில் பரவலானது 1990களின் முற்பகுதியில் டோனி ராபின்சன் எழுதிய ஷார்ட்டன். அதன் வழியில் ஜாஷ் கோல்சன் 2000இல் தொடங்கி, 2001 ஜூலையில் ஃபிளாக்கின் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டார். காப்புரிமைத் தடையின்றி யாரும் எடுத்தாளலாம் என்பது அதன் பலம். 2003இல், திறந்த ஒலி வடிவங்களை வளர்க்கும் சிஃப் அறக்கட்டளை அதை ஏற்றுக்கொண்டது. 2024 டிசம்பரில் இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பு அதை முறையான ஆவணமாக, ஆர்எஃப்சி 9639 என்ற எண்ணில் வெளியிட்டது. ஆப்பிள் தன் ஏலாக்கை 2004இல் கொண்டுவந்து 2011இல் திறந்துவிட்டது.

இசைப் பதிவுகளில் ஃபிளாக் கோப்பு மூலத்தில் பாதி முதல் எழுபது சதவீதம் வரை இருக்கும். ஏரிப் பதிவில் இது நேரத்துக்கு நேரம் மாறும். நள்ளிரவில் எல்லாம் அடங்கியிருக்கும்போது நன்றாகச் சுருங்கும். அந்தியில் ஆயிரக்கணக்கான தொண்டைகள் ஒன்றாகத் திறக்கும்போது ஒலி கிட்டத்தட்ட இரைச்சலாகிவிடும். இரைச்சலை ஊகிக்க முடியாது. சுருக்கமும் அதற்கேற்பக் குறையும். சுருக்கும் வேகத்துக்கு 0 முதல் 8 வரை படிகள் உண்டு. எந்தப் படியில் சுருக்கினாலும் வெளிவரும் ஒலி ஒன்றே. நேரமும் கோப்பின் அளவும்தான் மாறும்.

காப்பகத்துக்கு ஃபிளாக்கில் உள்ள இரண்டு வசதிகள் சுருக்கத்தைவிட மதிப்புள்ளவை. சுருக்கும்போதே மூல ஒலி முழுவதற்குமான ஒரு முத்திரை எண் கோப்பின் தலைப்பகுதியில் எழுதப்படுகிறது. பத்தாண்டு கழித்துக் கோப்பைச் சோதித்தால், ஒரு பிட் மாறியிருந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். ஒலி சிறு சட்டங்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனித்தே படிக்கக்கூடியதாக இருக்கிறது. வட்டில் ஓரிடம் பழுதானால், வழக்கமான 4,096 மாதிரிச் சட்டத்தில் பத்தில் ஒரு வினாடிக்கும் குறைவாகவே போகும், மற்றது பிழைக்கும். சுருக்கப்படாத சாதாரண வேவ் கோப்பில் பழுது ஏற்பட்டாலும் அதைத் தெரிவிக்க உள்ளே எதுவும் இல்லை.

வேவ் வடிவத்தை மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் 1991இல் வகுத்தன. களத்தில் பதிவு செய்யும் கருவிகள் இன்றும் பெரும்பாலும் அதிலேயே எழுதுகின்றன. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவை ஒலிக் காப்பகமான மெக்காலே நூலகமும் வேவ் கோப்பையே விரும்பிக் கேட்கிறது. ஆனால் வேவ் கோப்பின் அளவைக் குறிக்க 32 பிட் மட்டுமே ஒதுக்கியதால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. வேடந்தாங்கல் கணக்கில் அது பன்னிரண்டரை மணி நேரத்தைத் தொடுவதற்குள் நிறைந்துவிடும். ஆகவே நாள் முழுக்க ஓடும் கருவிகள் மணிக்கொரு கோப்பாகவோ இன்னும் சிறிதாகவோ வெட்டி எழுதுகின்றன.

கோப்பின் பெயருக்கும் உள்ளே இருக்கும் சுருக்கத்துக்கும் உள்ள வேறுபாடு பலரைக் குழப்புகிறது. எம்பி4, எம்4ஏ, மட்ரோஸ்கா எனப்படும் எம்கேவி, ஆக் ஆகியவை கொள்கலன்கள். ஒலி, படம், வசன வரி, தேதி, இடம் ஆகியவற்றை ஒன்றாகக் கோத்து, எது எந்த நொடியில் வர வேண்டும் என்று குறிப்பதே அவற்றின் வேலை. உள்ளே ஒலி எந்த முறையில் சுருக்கப்பட்டது என்பது தனி விஷயம். எம்4ஏ என்று முடியும் கோப்புக்குள் இழப்புள்ள ஏஏசியும் இருக்கலாம், இழப்பில்லா ஏலாக்கும் இருக்கலாம். பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. கைபேசியில் கூட்டைப் படம்பிடித்தால் எம்பி4இல் சேரும் ஒலி அநேகமாக ஏஏசிதான். அதிலிருந்து ஒலியை மட்டும் உருவி ஃபிளாக்காக வைப்பதில் பயனில்லை. ஏஏசியாகவே, மறுபடி சுருக்காமல், உள்ளபடி வைப்பதுதான் சரி.

பறவை ஒலி சேகரிப்போருக்கு ஏற்ற நடைமுறை இது: களத்தில் வேவில் பதிவு செய்வது, வீட்டுக்கு வந்ததும் ஃபிளாக்காக மாற்றுவது, முத்திரையைச் சோதித்து, இரண்டாவது நகலும் எடுத்த பிறகே மெமரி கார்டை அழிப்பது, பகிர்வதற்கு மட்டும் எம்பி3 செய்துகொள்வது. சில கருவிகள் தேதி, நேரம், மின்கல அளவு ஆகியவற்றை வேவ் தலைப்பிலேயே குறித்துவைக்கும். மாற்றும் மென்பொருளிடம் தனியாகச் சொல்லாவிட்டால் இந்தக் குறிப்புகள் விடுபட்டுப் போகலாம். எங்கே, எப்போது என்று தெரியாத பறவைக் குரலால் ஆய்வுக்குப் பயன் மிகக் குறைவு. இடம், நாள், மாதிரி வேகம் ஆகியவற்றை ஃபிளாக்கின் குறிப்புப் பகுதியில் தமிழிலேயே எழுதலாம். அது யூனிகோடை ஏற்கும்.

ஃபிளாக்குக்கும் எல்லை உண்டு. அது முழு எண்களை மட்டுமே சேமிக்கும். அண்மைக் காலக் களக்கருவிகள் சில, 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணில் பதிகின்றன. நாரையின் அலகொலி திடீரென்று மைக்கின் அருகே வெடித்தாலும் பதிவில் எண் வழிந்து சிதையாது என்பது அதன் ஆதாயம். அத்தகைய பதிவை ஃபிளாக்காக்கினால் மென்பொருள் முதலில் அதை முழு எண்ணாக மாற்றிவிடும், இழப்பில்லை என்ற உறுதி அங்கேயே முறிந்துவிடும். 1998 முதல் டேவிட் பிரையன்ட் வளர்த்துவரும் வேவ்பேக், மிதவைப் புள்ளி எண்களையும் பிசகின்றிச் சுருக்கும். 32 பிட் மிதவைப் பதிவுகளுக்கு அதையோ, சுருக்காத வேவையோ தேர்வது நல்லது.