குடத்தில் விழுந்த கீறல்

பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் பாட்டன் காலத்துப் பித்தளைக் குடத்தைச் சில லயங்களில் இன்றும் காண்கிறோம். அதனை மாட்டுப்பட்டியின் ஓரத்தில் வைத்துவிட்டு, மார்கழி மழை ஓய்ந்தபின் எடுத்தால், எவர் கையும் படாமலே கழுத்தில் மயிரிழை போன்ற கீறல் ஓடியிருக்கக்கூடும். பிள்ளைகளை வைய வேண்டாம், அவர்கள் நிரபராதிகள்.

இதே விந்தையைக் கண்டுதான் இந்தியாவிலிருந்த ஆங்கிலப் பட்டாளத்தார் திகைத்தனர். மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டாக்கள் தாமாகவே கீறல் விட்டன. காரணம் 1921-இல் தெளிவாயிற்று. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாவும், ஈரக்காற்றும், உருவாக்கும்போது உலோகத்தினுள் தங்கிவிட்ட இறுக்கமும் ஒன்றுகூடிச் செய்த வேலை அது. குடமும் தட்டித் தட்டி உருவானதுதானே!

நம் சமையற்கட்டில் எவர்சில்வர் என வழங்கும் துருப்பிடிக்காத உருக்குக்கும் இத்தகைய பகைவர் உண்டு. 1969-இல் மின்சாரம் தரத் தொடங்கிய தாராப்பூர் போன்ற கொதிநீர் அணு உலைகளில், அவ்வினத்து உருக்குப் பாகங்கள் 280 பாகை சென்டிகிறேட் அளவான வெந்நீரில் கிடக்கின்றன. ஒட்சிசன் கலந்த அந்நீரும் இறுக்கமும் கீறலுக்கு வழிசெய்ய, கதிர்வீச்சு என்னும் பகையும் சேர்கிறது. நியூத்திரன்கள் மோதி அணுக்களை இடம்பெயர்க்கின்றன, உருக்கு கடினமாகிறது, அதன் நுண்மணிகளின் எல்லையில், துருவைத் தடுக்கும் குரோமியம் குறைகிறது. கதிர்கள் நீரையே பிளந்து மேலும் ஒட்சிசனை உண்டாக்குகின்றன.

கீறல் எத்தனை வேகத்தில் வளரும்? நிபுணர்களை அலைக்கழிக்கும் வினா இதுவே. விநாடிக்கு ஒரு மில்லிமீற்றரின் கோடியில் ஒரு பங்கு என்று கொள்வோம். ஆண்டொன்றுக்கு மூன்று கோடிக்குச் சற்று அதிகமான விநாடிகள். ஆகவே ஆண்டுக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர். 30 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்கைக் கடக்கப் பத்து ஆண்டு போதும். வேகத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து மதித்துவிட்டாலோ, அதுவே நூறு ஆண்டாகத் தோன்றும்! மாணவர்கள் போட்டுப் பார்க்கட்டும்.

அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் ஃபோர்டும் ஆண்ட்ரேசனும் இதற்கொரு கணக்குமுறை வகுத்தனர். கீறலின் நுனியிலுள்ள காப்புப் படலம் உடைகிறது, வெறுமையான உலோகம் சற்றுக் கரைகிறது, படலம் மீண்டும் மூடுகிறது, மறுபடி உடைகிறது. இச்சுழற்சியின் வேகமே கீறலின் வேகம் என்றனர். ஆயினும், ஒரே மாதிரியான சோதனைகளின் முடிவுகள்கூடப் பத்து மடங்கு வேறுபடுவதுண்டு. கதிர்பட்ட உருக்கைக் கையால் தொட இயலாது. தடித்த ஈயக் கண்ணாடிக்கு அப்பால், யந்திரக் கைகளால் சோதிக்க வேண்டும். ஆகவே கிடைக்கும் அளவீடுகளும் சொற்பமே. இதனாலன்றோ நிபுணர்கள் சராசரியை நம்பாமல், மிகுந்த வேகத்தை வைத்தே அடுத்த பரிசோதனையின் நாளைக் குறிக்கின்றனர்.