பொறி நிரம்பினால் மாம்பழம் தப்புமா?

தோல் தொழிலுக்குப் பெயர்போன வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில், குடியாத்தம் பக்கம் மாந்தோப்புகளும் உண்டு. முற்றிய காயில் பழ ஈ முட்டை வைத்துவிட்டால் வெளியே ஊசி குத்திய தடம்தான் தெரியும், உள்ளே புழு. அதன்பின் மருந்தடித்துப் பயன் குறைவு. அதனால்தான் வாசனை காட்டிப் பிடிக்கும் பொறிகள் வந்தன. அவற்றில் வைக்கும் மீத்தைல் யூஜினால் துளசியிலும் இருக்கிறது. பீகாரின் பூசாவில் பணியாற்றிய பூச்சியியலாளர் ஹவ்லெட், 1912-இல் சிட்ரோனெல்லா எண்ணெயில் ஆண் ஈக்கள் மொய்ப்பதைப் பதிவு செய்தார். 1915-இல் மீத்தைல் யூஜினாலின் கவர்ச்சியை எழுதினார். வந்தவை ஆண்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஒரு வாசனை ஈயை இழுக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்க்கும் முறை கேட்க எளிது. கவட்டை போல் பிரியும் கண்ணாடிக் குழாயின் ஒரு கிளையில் வாசனைப் பொருள் தடவிய வடிதாள். மறு கிளையில் அதைக் கரைத்த திரவம் மட்டும் தடவிய தாள். கரியில் வடித்த காற்று இரு கிளைகளிலிருந்தும் ஒரே வேகத்தில் வரும். அடியிலிருந்து ஈக்களை ஒவ்வொன்றாக விடுவார்கள். வம்பு இனிமேல்தான். ஒரு பக்கம் வெளிச்சம் கூடினால் ஈ அங்கே போய்விடும். எனவே கிளைகளை இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முந்தைய ஈயின் வாடை தங்காதபடி குழாயைக் கழுவ வேண்டும். பருவம் எய்தாத ஆண் ஈ மீத்தைல் யூஜினாலைச் சட்டை செய்யாது. வயது பார்க்காமல் விட்டால் நல்ல பொருளும் தோற்றதாகக் கணக்கு வரும். 20 ஈக்களில் 12 வாசனைப் பக்கம் திரும்பினாலும் மகிழ ஒன்றுமில்லை. நாணயத்தை 20 முறை சுண்டினால், ஏறக்குறைய நான்கில் ஒரு தடவை 12-க்குக் குறையாமல் தலை விழும். உணர்கொம்பில் மின்முனை பொருத்தி அளக்கும் முறையும் உண்டு. அது ஈக்கு வாசனை எட்டியதைச் சொல்லும். பிடித்ததா என்று சொல்லாது.

இத்தனை பாடு எதற்கு, தோப்பிலேயே பொறியைத் தொங்கவிட்டு எண்ணினால் போதாதா என்று விவசாயி கேட்பது நியாயம்தான். குழாயில் வருவது வடித்த காற்று. தோப்பில் அழுகிய பழத்தின் வாடையும், காற்றடிக்கும் திசையைப் பொறுத்து டேனரி நெடியும் கலந்திருக்கும். உள்ளே வென்றது வெளியே தோற்கலாம். ஆனால் தோப்பில் பொறி காலியாகக் கிடந்தால் வாசனையே பிசகா, வெயிலில் ஆவியாகித் தீர்ந்ததா, ஈயே இல்லையா என்று தெரியாது. முதல் சந்தேகத்தைக் குழாய் தீர்த்துவிடும். நிரம்பிய பொறி காலிப் பொறியைவிட ஏமாற்றும்: விழுந்தவை ஆண்கள், காயைத் துளைப்பது பெண். பசிபிக்கின் ரோட்டா தீவில் 1960-களில் இதே மீத்தைல் யூஜினாலில் நஞ்சு கலந்து வைத்து, ஆண்களைத் தீர்த்தே பழ ஈயை ஒழித்தார்கள். அங்கே சுற்றிலும் கடல். குடியாத்தத்தில் வேலிக்கு அப்பால் இன்னொருவர் தோப்பு. கருவுற்ற பெண் ஈ அங்கிருந்து பறந்து வரும். முட்டை முதிரப் புரதம் தேடி அலையும் அந்தப் பெண் ஈயைப் புரத வாசனை எந்த அளவுக்கு இழுக்கிறது என்பதையும் இதே கண்ணாடிக் குழாயில் சோதிக்கலாம்.