மர நிழற்கூடம்: கட்டும் செலவும் காக்கும் செலவும்

பொதுப் பூங்காவில் நிழற்கூடம் அமைக்க நன்கொடை திரட்டும் குடியிருப்போர் நலச் சங்கங்கள் பல. அதனை மரத்தால் அமைக்கலாம் என்ற யோசனை எழுந்ததும் இரண்டு ஐயங்கள் தோன்றுகின்றன. மரத்தைப் பயன்படுத்துவது சுற்றுச்சூழலுக்குக் கேடு அன்றோ? மழையையும் கரையானையும் அது எத்தனை ஆண்டு தாங்கும்?

எந்த மரம்?

வனங்களைக் காக்கும் நோக்குடன் 1993-இல் தன் கட்டுமானங்களில் மரப் பயன்பாட்டைத் தடை செய்த மத்திய பொதுப்பணித் துறை, 2020-இல் அத்தடையை விலக்கிக்கொண்டது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமமே. 600 கிலோ எடையுள்ள உலர்ந்த மரம், வளரும்போது காற்றிலிருந்து ஈர்த்த சுமார் 1,100 கிலோ கரியமில வாயுவின் கரிமத்தைத் தன்னுள் வைத்திருக்கிறது. மரம் மட்கினாலோ எரிந்தாலோ அது மீண்டும் காற்றில் கலந்துவிடும். எனவே தோட்டங்களில் வளர்த்து, வெட்டிய இடத்தில் மறுநடவு செய்யப்படும் மரத்தையே உரிய சான்றுடன் வாங்க வேண்டும். பழைய கட்டடங்களில் பிரித்தெடுத்த தேக்கும் சிறந்த தேர்வாகும்.

வடிவமைப்பே காவல்

மணாலியில் 1553-இல் தேவதாரு மரத்தைக் கொண்டு எழுப்பப்பட்ட ஹிடிம்பா தேவி ஆலயம் இன்றும் நிற்கிறது. அதன் அகன்ற கூரைகள் மழையையும் பனியையும் சுவரிலிருந்து விலக்கி வீழ்த்துகின்றன. மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 20 விழுக்காட்டிற்கு மேல் நீடித்தால் பூஞ்சை பற்றும். ஆகவே கூரை விளிம்பு தூண்களுக்கு வெளியே நன்கு நீண்டிருக்க வேண்டும். தூண்கள் மண்ணைத் தொடாமல், கான்கிரீட் பீடத்தின்மேல் துருப்பிடிக்காத எஃகுத் தாங்கியில் அமைய வேண்டும். கரையான் மண்தடம் இட்டு ஏறினாலும் அங்கே கண்ணில் பட்டுவிடும். போராக்ஸ் கலந்த காப்புக் கரைசல் மழையில் கரையக்கூடியது. கூரைக்குள் அடங்கிய உத்திரம், கைமரங்களுக்கே அது ஏற்றது.

நாற்புறமும் திறந்த கூடத்தின் கூரையைப் பலத்த காற்று மேல்நோக்கித் தூக்கும். ஆகையால் ஐ.எஸ். 883 தரநெறியின்படி மரச் சட்டங்களின் அளவையும் இணைப்புகளையும் பொறியாளர் ஒருவர் சரிபார்ப்பது இன்றியமையாதது.

பராமரிப்புக்கு ஒரு வைப்பு

நன்கொடை முழுவதையும் கட்டுமானத்திலேயே செலவிட்டுவிட்டால், சில ஆண்டுகளில் பூச்சுக்கும் பழுதுக்கும் பணம் இராது. சிறு கசிவு கவனிப்பாரின்றி உத்திரத்தையே உளுத்துப்போகச் செய்யும். திரட்டிய 5 இலட்சம் ரூபாயில் 1 இலட்சத்தைச் சங்கத்தின் பெயரில் நிரந்தர வைப்பாக வைப்பதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி எனில் 6,000 ரூபாய் கிடைக்கும். முதலைத் தொடாமல் மூன்றாண்டு வட்டியைச் சேர்த்தால் 18,000 ரூபாய். மழைக்காலத்திற்கு முன் தூணடிகளையும் இணைப்புகளையும் பார்வையிடவும், உரிய காலத்தில் எண்ணெய்ப் பூச்சு இடவும் இத்தொகை துணைநிற்கும்.

பணி தொடங்குமுன் உள்ளாட்சி அமைப்பின் அனுமதியுடன், பராமரிப்புப் பொறுப்பு யாருடையது என்பதையும் எழுத்தில் பெறுதல் நலம். திட்ட மதிப்பீட்டின் முதல் வரியிலேயே பராமரிப்புத் தொகை இடம்பெறட்டும். எஞ்சிய தொகைக்கு ஏற்பக் கூடத்தின் அளவை முடிவு செய்வோம்.