ஒரு பிரேம் மாறினால்

பருத்திப் புடவை நெய்து பழகிய சின்னாளப்பட்டி நெசவாளர் செயற்கைப் பட்டுக்கு மாறும்போது தறி அதேதான். நாடா ஓடுவதும் கால் மிதிப்பதும் அதேதான். நூலின் வழுவழுப்பு வேறு என்பதால் அச்சை இழுத்து அடிக்கும் விசை மட்டும் மாற வேண்டும். கொஞ்ச நாளைக்குக் கை பழைய விசையிலேயே போகும். அதற்காக அவருக்கு நெசவே மறந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் 'டெக்கன்', 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' போன்ற சண்டை கேம்களில் ஒரே பாத்திரத்தை ஆண்டுக்கணக்கில் ஆடித் தேர்ந்தவர்கள், பாத்திரங்களின் பலத்தைத் திருத்தும் பேட்ச் வந்ததும் பட்ட பாடெல்லாம் வீண் என்று சோர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் இழப்பது மிகச் சிறிய பங்கைத்தான். அதை மீட்கவும் வழி உண்டு.

இந்த கேம்கள் நொடிக்கு 60 பிரேம் (படச்சட்டம்) வேகத்தில் ஓடுகின்றன. டெக்கனில் பெரும்பாலான பாத்திரங்களின் வேகமான குத்து 10 பிரேமில், அதாவது நொடியில் ஆறில் ஒரு பங்கில், போய்ச் சேரும். நாம் தடுத்த உதையிலிருந்து எதிராளி நம்மைவிட 10 பிரேம் தாமதமாக மீண்டால் அந்தக் குத்து தப்பாமல் விழும். பேட்ச் அந்தத் தாமதத்தை 9 ஆக்கினால், அதே குத்தை அவர் தடுத்துவிடுவார். திரையில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. கண் பார்த்துக் கை அசைய மனிதருக்குச் சுமார் 200 மில்லிநொடி, அதாவது 12 பிரேம் ஆகும். அதனால் தேர்ந்தவர்கள் எதிராளியை ஊகித்து விரலை முன்கூட்டியே தயாராக வைக்கிறார்கள். பேட்சுக்குப் பிறகு தடுமாறுவது இந்தத் தயார்நிலைதான்: வேண்டாம் என்று தோன்றுவதற்குள் பட்டன் அழுந்திவிடுகிறது.

தேர்ச்சி என்பதே பழகிய அமைப்புகளின் நினைவுதானே, அமைப்பு மாறினால் அதுவும் போகாதா என்று கேட்கலாம். செஸ் காய்களைத் தாறுமாறாக அடுக்கிக் காட்டினால் வல்லுநரின் நினைவாற்றலுக்கு இருந்த மேன்மை ஏறக்குறைய மறைந்துவிடுவதை 1973-இல் உளவியல் ஆய்வாளர்கள் சேஸ், சைமன் இருவரும் காட்டினார்கள். ஆனால் பேட்ச் பலகையைக் கலைத்துப் போடுவதில்லை. சில காய்களின் மதிப்பைத்தான் திருத்துகிறது. இடைவெளியைக் கணிப்பதும் எதிராளியின் பழக்கத்தைப் படிப்பதும் அப்படியே நிற்கின்றன. லாகூரைச் சேர்ந்த அர்ஸலான் ஆஷ் 2019-லும் 2023-லும் டெக்கன் 7-இல் ஈவோ எனும் சண்டை கேம் போட்டியின் பட்டம் வென்றார். 2024 ஜனவரியில் டெக்கன் 8 என்ற புதிய ஆட்டமே வந்தது. அந்த ஆண்டும் பட்டம் அவருக்கே.

அப்படியானால் எப்போதும் பலமான பாத்திரத்துக்கே தாவிவிடலாமே என்பது அடுத்த கேள்வி. 2020 ஈவோ ஜப்பானின் டெக்கன் 7 போட்டியில் கடைசி எட்டுப் பேரில் ஆறு பேர் லீராய் ஸ்மித் என்ற ஒரே பாத்திரத்தை ஆடினார்கள். பிறகு வந்த பேட்சுகள் அவன் பலத்தைக் குறைத்தன. கடன் வாங்கிய பலம் கடன்காரன் கேட்டதும் போய்விடும். தன் பாத்திரம் ஆடவே முடியாத அளவு நலிந்துவிட்டால் மாறுவதில் தவறில்லை. அதற்கு முன் பழைய பழக்கத்தைத் திருத்தப் பார்ப்பதே சிக்கனம். வெவ்வேறு அசைவுகளைக் கலந்து செய்யும் பயிற்சி தொடக்கத்தில் தடுமாற வைத்தாலும் நெடுநாள் நிலைக்கிறது என்று 1979-இல் ஷே, மார்கன் ஆய்வு கண்டது. ஆகவே பயிற்சி அறையில் பொம்மை எதிராளிக்கு மாறிய உதையையும் மாறாத உதையையும் பதிவுசெய்து, எது வரும் என்று தெரியாதபடி ஓடவிட வேண்டும். மாறாததற்குக் குத்த வேண்டும். மாறியதற்கு விரலை அடக்க வேண்டும். அடக்கக் கற்ற விரலுக்குத்தான் புதிய பேட்ச் பழகும்.