லெகோ திரைப்பட நிகழ்பட ஆட்டங்கள்

லெகோ திரைப்பட நிகழ்பட ஆட்டங்கள் என்பவை, புகழ்பெற்ற திரைப்படங்களின் கதைகளை லெகோ பொம்மைக் கட்டைகளால் ஆன உலகில் விளையாடத் தரும் ஆட்டங்கள் ஆகும். கணினியிலும், பிளேஸ்டேசன், எக்ஸ்பாக்ஸ், நின்டென்டோ போன்ற விளையாட்டுக் கருவிகளிலும் இவற்றை ஆடலாம். 2005-ஆம் ஆண்டு வெளிவந்த 'லெகோ ஸ்டார் வார்ஸ்' இவ்வரிசையின் முதல் ஆட்டம். இங்கிலாந்தைச் சேர்ந்த டிராவலர்ஸ் டேல்ஸ் நிறுவனம் அதை உருவாக்கியது.

பெரியவரும் சிறுவரும் ஒரே திரையின் முன் அருகருகே அமர்ந்து ஆடலாம் என்பதாலேயே இவை குடும்ப ஆட்டங்கள் எனப் பெயர் பெற்றன. தொடக்க கால ஆட்டங்களில் பேச்சே கிடையாது. அதனால் ஆங்கிலம் அறியாதவரும் அவற்றைத் தடையின்றி ஆட முடிந்தது. பின்னர் பேச்சு சேர்ந்தபோது அந்த வசதி குறைந்தது. இக்கட்டுரை இவ்வாட்டங்களின் வரலாற்றையும் அமைப்பையும் விளக்குவதோடு, இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அவை எந்த அளவு பொருந்தும் என்பதையும் பார்க்கிறது.

தோற்றம்

டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் 1932-ஆம் ஆண்டு ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். அந்தப் பட்டறையே லெகோ நிறுவனமாக வளர்ந்தது. 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் டேனிய மொழிச் சொற்களிலிருந்து லெகோ என்ற பெயர் அமைந்தது. மேலே குமிழ்களும் உள்ளே குழல்களும் கொண்டு ஒன்றோடொன்று இறுகப் பொருந்தும் இன்றைய நெகிழிக் கட்டைக்கு 1958-இல் காப்புரிமை கோரப்பட்டது. எட்டுக் குமிழ்கள் கொண்ட ஒரே வகைக் கட்டைகள் ஆறு இருந்தால் அவற்றை 91,51,03,765 விதமாக இணைக்கலாம். கை கால் அசைக்கும் சிறு மனித உருவங்கள் 1978-இல் வந்தன.

1999-இல் லெகோ நிறுவனம் முதன்முறையாகத் திரைப்பட உரிமம் பெற்று, 'ஸ்டார் வார்ஸ்' பொம்மைத் தொகுப்புகளை வெளியிட்டது. திரைப்படக் காட்சிகளைக் கட்டைகளால் அமைக்கும் பழக்கம் பிள்ளைகளிடம் பரவியது. அதே காட்சிகளைத் திரையில் ஆடச் செய்ததே அடுத்த படி. 'லெகோ ஸ்டார் வார்ஸ்' ஆட்டம் அவ்வரிசையின் மூன்றாம் திரைப்படம் 2005 மே மாதம் திரைக்கு வரும் முன்பே கடைகளுக்கு வந்துவிட்டது. 2006-இல் இரண்டாம் பகுதியும், 2007-இல் இரண்டையும் இணைத்த 'முழுத் தொகுப்பு' பதிப்பும் வெளிவந்தன. 2007-இல் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் டிராவலர்ஸ் டேல்ஸைத் தன்னகத்தே கொண்டிருந்த டிடி கேம்ஸை வாங்கியது. இந்தியானா ஜோன்ஸ், பேட்மேன் (2008), ஹாரி பாட்டர் (2010, 2011), லார்ட் ஆஃப் த ரிங்ஸ் (2012), மார்வெல் நாயகர்கள் (2013), ஜுராசிக் வேர்ல்ட் (2015) என வரிசை நீண்டது. 2022-இல் வந்த 'ஸ்கைவாக்கர் சாகா' ஒன்பது ஸ்டார் வார்ஸ் படங்களை ஒரே ஆட்டத்தில் அடக்கியது.

ஆட்டத்தின் அமைப்பு

பெரும்பாலான லெகோ ஆட்டங்களின் அடிப்படைச் செயல்கள் இரண்டு: உடைத்தல், கட்டுதல். நாற்காலி, விளக்குக் கம்பம், பெட்டி என எதிர்ப்படும் பொருள்களை அடித்தால் அவை கட்டைகளாகச் சிதறும். சிதறியவற்றுள் சில துள்ளிக்கொண்டிருக்கும். அவற்றின் அருகே நின்று ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் பாலமோ ஏணியோ வண்டியோ உருவாகும். வழி திறக்கும். உடைக்கும்போது குமிழ் வடிவக் காசுகள் கொட்டும். வெள்ளிக் காசு 10, பொன்னிறக் காசு 100, நீலக் காசு 1,000 என மதிப்புப் பெறும்.

இருவர் ஆடுவதற்கான ஏற்பாடு மிக எளிது. ஒருவர் ஆடிக்கொண்டிருக்கும்போது மற்றவர் பொத்தானை அழுத்தி நடுவில் சேரலாம், வேண்டும்போது விலகலாம். விலகியவரின் பாத்திரத்தைக் கணினியே நடத்திச் செல்லும். ஆட்டத்தை நிறுத்தவோ முதலிலிருந்து தொடங்கவோ வேண்டியதில்லை. இராஜபாளையத்தின் நூற்பாலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கும் தகப்பனார் அரை மணி நேரம் பிள்ளையோடு உட்கார்ந்துவிட்டு எழுந்து போகலாம். குக்கர் விசில் கேட்டுத் தாய் நடுவில் எழுந்தாலும் பிள்ளையின் ஆட்டம் கெடாது.

தொடக்கத்தில் இருவரும் ஒரே காட்சிச் சட்டத்துக்குள் கட்டுண்டிருந்தனர். ஒருவர் முன்னே ஓடினால் மற்றவர் இழுபட்டார். 2009-இல் வந்த இரண்டாம் இந்தியானா ஜோன்ஸ் ஆட்டத்தில் இருவரும் விலகும்போது திரை இரண்டாகப் பிரிந்து, நெருங்கும்போது மீண்டும் ஒன்றாகும் முறை கொண்டுவரப்பட்டது.

தோல்வியைக் கையாளும் முறையும் குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நான்கு இதயக் குறிகள் உண்டு. அவை தீர்ந்தால் உருவம் கட்டைகளாக உதிர்ந்து, சில காசுகளை இழந்து, அதே இடத்தில் உடனே எழும். 'ஆட்டம் முடிந்தது' என்ற அறிவிப்பு வராது. ஆறு வயதுப் பிள்ளையும், கன்ட்ரோலரை முதன்முறை தொடும் தாத்தாவும் ஒரே ஆட்டத்தைக் கடைசிவரை ஆட முடிவது இதனால்தான். திறமை மிக்கவர்களுக்கு வேறு இலக்குகள் உள்ளன. பல கட்டங்களில் பத்துச் சிறு பொருள்கள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். கதையை ஒருமுறை முடித்த பின், வேறு பாத்திரங்களுடன் திரும்பி வந்தால்தான் அவற்றுள் பலவற்றை எடுக்க முடியும்.

பேசாத ஆட்டங்களும் பேசும் ஆட்டங்களும்

முதல் ஏழு ஆண்டுகளில் வந்த ஆட்டங்களில் பாத்திரங்கள் பேசுவதில்லை. முணுமுணுப்பு, சிரிப்பு, தோள் குலுக்கல், கை அசைவு ஆகியவற்றாலேயே கதை நகரும். படத்தில் கனமான உரையாடலாக வரும் காட்சி இங்கே ஊமைக்கூத்தாக மாறும். டார்த் வேடர் தாம்தான் தந்தை என்பதை லூக்கிடம் வெளிப்படுத்தும் காட்சியில், வசனத்துக்குப் பதிலாக ஒரு நிழற்படத்தை எடுத்துக் காட்டுகிறார். படம் பார்த்தவர் சிரிப்பார். பார்க்காதவருக்கும் செய்தி போய்ச் சேரும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது பெரிய வசதியாக அமைந்தது. ஹாரி பாட்டர், பேட்மேன், ஜுராசிக் வேர்ல்ட் போன்ற படங்கள் தமிழ்க் குரலில் திரையரங்குகளிலும் தொலைக்காட்சியிலும் வந்துள்ளதால் கதை தமிழிலேயே தெரிந்துவிடுகிறது. அந்தக் கதையைப் பேச்சில்லாத ஆட்டத்தில் ஆடும்போது மொழி குறுக்கே நிற்பதில்லை. தமிழ்வழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளையும் ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளையும் அங்கே சமமாக அமர முடிந்தது.

2012-இல் வந்த இரண்டாம் பேட்மேன் ஆட்டத்தில் பாத்திரங்கள் முதன்முறையாக முழுமையாகப் பேசின. அதே ஆண்டின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' ஆட்டத்தில் திரைப்படத்தின் ஒலிப்பதிவே பயன்படுத்தப்பட்டது. 'ஜுராசிக் வேர்ல்ட்' ஆட்டமும் அவ்வாறே. கதை விரிந்தது, நகைச்சுவை சொல்லுக்கு மாறியது, அடுத்து எங்கே போக வேண்டும் என்பதையும் பாத்திரங்கள் வாயால் சொல்லத் தொடங்கின. இவ்வாட்டங்கள் பல ஐரோப்பிய மொழிகளில் கிடைக்கின்றன. தமிழ் அவற்றுள் இல்லை. ஆகவே ஆங்கிலம் பிடிபடும் பிள்ளை முன்னே செல்ல, பிடிபடாத பாட்டியோ தம்பியோ பின்தங்கும் நிலை வந்தது.

பழைய முறையை விரும்பியவர்கள் பிற நாடுகளிலும் இருந்தனர். 'ஸ்கைவாக்கர் சாகா' ஆட்டத்தில் குரல்களை நீக்கி மீண்டும் முணுமுணுக்கச் செய்யும் 'முணுமுணுப்பு முறை' கூடுதல் வசதியாகத் தரப்பட்டுள்ளது. தமிழ் வீடுகளில் இது வேடிக்கைக்கு மட்டுமன்றி உண்மையான பயனுக்கும் உரியது. இருப்பினும் எழுத்து வடிவக் குறிப்புகள் ஆங்கிலத்திலேயே இருக்கும்.

சிற்றிலும் கட்டையும்

கட்டுவதும் உடைப்பதுமான விளையாட்டு இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் தோன்றிய ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் திருமொழி முழுவதும், மணலில் சிறு வீடு கட்டி விளையாடும் சிறுமியர் அதைச் சிதைக்க வேண்டாம் என்று கண்ணனிடம் வேண்டுவதாக அமைந்துள்ளது. அந்த மணல் வீட்டுக்குச் சிற்றில் என்று பெயர். பிற்காலத்தில் ஆண்பால் பிள்ளைத்தமிழில் 'சிற்றில்' ஒரு தனிப் பருவமாகவே வகுக்கப்பட்டது. பிள்ளைத்தமிழ் மரபுக்கு முன்னோடியாகக் கருதப்படும் பெரியாழ்வாரும் இவ்வூரினரே.

சிற்றில் விளையாட்டில் உடைப்பவர் ஒருவர், இழப்பவர் வேறொருவர். லெகோ ஆட்டத்தில் உடைந்ததே அடுத்த கட்டடத்துக்கு மூலப்பொருள் ஆகிறது. அதனால் உடைத்தவரும் கட்டியவரும் ஒரே பக்கத்தில் நிற்கின்றனர். ஆனால் பழைய வழக்கு முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. பல லெகோ ஆட்டங்களில் உடன் ஆடுபவரையும் அடித்து உதிர்த்துவிடலாம். காசுகள் சிதறும்; அடித்தவர் பொறுக்கிக்கொள்ளலாம். அண்ணன் சிரிக்க, தங்கை முறையிடும் சண்டைக்கு இதுவே முதற்காரணம். அந்த இடத்தில் பெரியவர் ஒருவர் அருகில் இருப்பது உதவும்.

தாயமும் பல்லாங்குழியும் போல இதுவும் பக்கத்தில் ஆள் இருந்தால் சுவைக்கும் ஆட்டம். இணையம் வழியே முகம் தெரியாதவர்களுடன் ஆடும் கைபேசி ஆட்டங்களிலிருந்து இது வேறுபடுவது இங்கேதான்.

இந்தியாவில் திரைப்பட ஆட்டங்கள்

இந்தியத் திரைப்படங்களும் ஆட்டங்களாக வந்துள்ளன. ஏ. ஆர். முருகதாஸ் தமிழில் 2005-இல் இயக்கிய 'கஜினி' 2008-இல் இந்தியில் மீண்டும் எடுக்கப்பட்டபோது, ஐதராபாத்தின் எஃப்எக்ஸ் லேப்ஸ் நிறுவனம் அதைக் கணினி ஆட்டமாக்கியது. பழிவாங்கும் கதை என்பதால் அது சிறுவர்க்கு உரியதாக இல்லை. 2011-இல் 'ரா ஒன்' படத்துக்குப் பிளேஸ்டேசன் ஆட்டம் வந்தது. 2014-இல் 'கோச்சடையான்' படத்தையொட்டிக் கைபேசி ஆட்டம் வெளிவந்தது. இத்தகைய ஆட்டங்கள் பெரும்பாலும் படத்தின் விளம்பரத்தோடு பிறந்து, படம் ஓடி முடிந்ததும் மறக்கப்பட்டன. தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து ஆடுவது அவற்றின் நோக்கமாக இருக்கவில்லை.

அந்த நோக்கத்துக்கு நெருங்கி வந்தவை திரைப்படம் சாராதவை. 2009-இல் ஐதராபாத்தின் கேம்சாஸ்திரா உருவாக்கிய 'தேசி அட்டா', கபடி, கில்லி போன்ற தெரு விளையாட்டுகளைப் பிளேஸ்டேசனுக்குக் கொண்டுவந்தது. 2023-இல் கனடாவின் விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா', கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையை இட்லி முதலான சமையல்களின் வழியே சொல்கிறது. அதில் மகன் மெல்ல மெல்லத் தமிழிலிருந்து விலகுவதே கதையின் வலி. தமிழ் வாழ்க்கை நிகழ்பட ஆட்டத்துக்கு ஏற்ற பொருள் என்பதை அது உலக அளவில் காட்டியது.

குடும்பங்களுக்கான குறிப்புகள்

முதல் ஆட்டமாகப் பேச்சில்லாத ஒன்றைத் தேர்வது நல்லது. ஸ்டார் வார்ஸ் முழுத் தொகுப்பும் ஹாரி பாட்டர் ஆட்டங்களும் இவ்வகையின. இவை பழைய கணினியிலும் ஓரளவு நன்றாக ஓடும். 'ஸ்கைவாக்கர் சாகா' சுமார் 40 கிகாபைட் இடம் கேட்கும். வலுவான கணினியும் தேவை. ஸ்டீம் போன்ற இணையக் கடைகளில் விலை ரூபாயில் உள்ளது; ஆண்டில் சில முறை தள்ளுபடி வரும். கணினியில் ஒரு கன்ட்ரோலர் இருந்தால் மற்றவர் விசைப்பலகையில் ஆடலாம். வாங்குமுன் வயதுக் குறியீட்டைப் பார்க்க வேண்டும். அமெரிக்க முறையில் பெரும்பாலான லெகோ ஆட்டங்கள் 'அனைவருக்கும்' அல்லது '10 வயதுக்கு மேல்' என்ற பிரிவில் அடங்கும்.

குறைகளும் உண்டு. ஓயாது காசு சேர்க்கும் ஆசை பிள்ளைகளை எழவிடாது. ஒரு கட்டம் முடிந்ததும் நிறுத்துவது என்று முன்பே பேசிவைப்பது பயன் தரும். 2015-இல் வந்த 'லெகோ டைமென்சன்ஸ்' ஆட்டத்துக்குத் தனித்தனிப் பொம்மைகளை வாங்க வேண்டியிருந்தது. அந்த வரிசை 2017-இல் நிறுத்தப்பட்டது. இத்தகைய கூடுதல் செலவு உள்ளதா என்று அறிந்து வாங்குவது நலம்.

முதன்மையான குறை வேறு. இவ்வாட்டங்களில் பொத்தானைப் பிடித்தால் கட்டடம் தானே எழுகிறது. எந்தக் கட்டையை எங்கே வைப்பது என்று பிள்ளை முடிவு செய்வதில்லை. விருப்பம்போல் கட்ட இடம் தரும் 'லெகோ வேர்ல்ட்ஸ்' (2017) போன்றவை விதிவிலக்கு. சரிந்து விழுந்ததை ஏன் விழுந்தது என்று யோசித்து மீண்டும் அடுக்கும் பயிற்சியைக் கையில் பிடிக்கும் கட்டையோ, மணலோ, களிமண்ணோதான் தரும். சேர்ந்து சிரிக்கவும் ஒருவருக்கொருவர் வழி சொல்லவும் லெகோ ஆட்டம் உதவும். கட்டக் கற்றுக்கொள்வதற்கு வீட்டு முற்றத்து மணல் இன்றும் போதும்.