நலமுள்ள குழந்தைகளின் மூச்சுப்பாதையில் நோயெதிர்ப்பு அணுக்களும் அழற்சிக் குறிகளும்

ஆய்வுச் சுருக்கம்

குழந்தைகளின் மூச்சுப்பாதை நோய்களைக் கணிக்க, நலமான மூச்சுப்பாதையின் இயல்புநிலை தெரிந்திருக்க வேண்டும். அவ்வியல்பு அளவுகள் பெறப்பட்ட முறையையும் அவற்றின் வரம்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அழற்சி, மேக்ரோஃபேஜ், நியூட்ரோஃபில், நைட்ரிக் ஆக்சைடு, இயல்பு அளவு.

முன்னுரை

தொற்று, ஒவ்வாமை, புகை முதலியவற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினையே அழற்சியாகும். ஆஸ்துமா, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஆகிய நோய்களில் இவ்வெதிர்வினை நீடித்து மூச்சுக்குழாய்களைப் பாதிக்கிறது. எனினும், நலமான மூச்சுப்பாதையிலும் நோயெதிர்ப்பு அணுக்கள் எப்போதும் உள்ளன. எனவே அவற்றின் வகையும் அளவும் அறியப்பட்டால்தான் நோயை இனங்காண இயலும்.

இயல்பு அளவு பெறுவதில் உள்ள சிக்கல்

நுரையீரலின் ஒரு பகுதிக்குள் அகநோக்கி வழியாக உப்புக்கரைசலைச் செலுத்தி, மீள உறிஞ்சி, அதிலுள்ள அணுக்களை எண்ணுவது நுரையீரல் கழுவுநீர் ஆய்வு எனப்படும். இதற்காகக் குழந்தைக்கு மயக்கமருந்தோ தணிப்பு மருந்தோ அளிக்க வேண்டும். ஆய்வுக்கென்றே நலமான குழந்தையை இதற்கு உட்படுத்துவது அறமாகாது. ஆகவே, டான்சில் அகற்றல் போன்ற அறுவைச் சிகிச்சைக்காக ஏற்கெனவே மயக்கமருந்து பெறும் குழந்தைகளிடம், பெற்றோரின் இசைவுடன் மாதிரிகள் பெறப்பட்டன. இவ்வாய்வுகளில் பங்கேற்றோர் எண்ணிக்கை குறைவு. மேலும், டான்சில் தொல்லையுடைய குழந்தையை எந்த அளவுக்கு 'நலமானவர்' எனக் கொள்ளலாம் என்னும் வினாவும் எழுகிறது.

கழுவுநீரில் காணப்படும் அணுக்கள்

ஐரோப்பிய சுவாசவியல் கழகத்தின் பணிக்குழு 2000ஆம் ஆண்டில் குழந்தைகளுக்கான கழுவுநீர் ஆய்வு நெறிமுறைகளை வெளியிட்டது. 20 கிலோவுக்குக் குறைந்த எடையுடைய குழந்தைக்கு, கிலோவுக்கு 3 மில்லிலிட்டர் வீதம் கரைசலை மூன்று சம பங்குகளாகச் செலுத்துவது வழக்கிலுள்ள முறைகளுள் ஒன்று. முதற்பங்கு பெரும்பாலும் மூச்சுக்குழாய்களையும், அடுத்த பங்குகள் காற்று நுண்ணறைகளையும் பிரதிபலிக்கின்றன. முதற்பங்கில் நியூட்ரோஃபில்கள் மிகுந்திருக்கக்கூடும் என்பதால் அதனைத் தனியே ஆராய்வது முறையாகும்.

நலமான குழந்தைகளிடம் அணுக்களில் ஏறத்தாழ 80 முதல் 90 விழுக்காடு, நுண்துகள்களையும் கிருமிகளையும் விழுங்கும் மேக்ரோஃபேஜ்கள் ஆகும். லிம்ஃபோசைட்டுகள் ஏறத்தாழ 10 விழுக்காடு. நியூட்ரோஃபில்கள் மிகச் சில. இயோசினோஃபில்கள் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. ஓராண்டு நிறையாத குழந்தைகளிடம் நியூட்ரோஃபில்கள் சற்று மிகுதி. சிடி4, சிடி8 லிம்ஃபோசைட்டுகளின் விகிதம் பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் குறைவாக உள்ளது. அடிக்கடி நேரும் வைரஸ் தொற்றுகள் இதற்குக் காரணமாகலாம் எனக் கருதப்படுகிறது. எனவே பெரியவர்களின் அளவுகளைக் குழந்தைகளுக்கு அப்படியே பொருத்துதல் தவறான முடிவுக்கு வழிவகுக்கும்.

அழற்சிக் குறிகள்

நியூட்ரோஃபில்கள் வெளியிடும் எலாஸ்டேஸ் என்னும் நொதி திசுக்களைச் சிதைக்கவல்லது. நலமான நுரையீரலில் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் முதலிய புரதங்கள் அதனைச் செயலிழக்கச் செய்கின்றன. இக்காப்பு போதாதபோது எலாஸ்டேஸ் தடையின்றிச் செயற்படுகிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள குழந்தைகளிடம் ஆஸ்திரேலியாவில் நடத்தப்பெற்று 2013இல் வெளியான ஆய்வு, மூன்று மாத வயதில் காணப்படும் எலாஸ்டேஸ் செயற்பாட்டுக்கும் மூன்று வயதில் காணப்படும் மூச்சுக்குழாய் விரிவுக்கும் தொடர்புண்டு எனக் காட்டியது. நோய்க்குறிகள் வெளிப்படுமுன்பே அழற்சியை இனங்காணுதலின் தேவையை இது உணர்த்துகிறது.

அகநோக்கி தேவைப்படாத முறை, வெளிமூச்சிலுள்ள நைட்ரிக் ஆக்சைடை அளத்தலாகும். இயோசினோஃபில் சார்ந்த அழற்சியில் இதன் அளவு உயர்கிறது. அமெரிக்க மார்பியல் கழகத்தின் 2011ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, 12 வயதுக்குட்பட்டோருக்கு நூறு கோடியில் 20 பங்குக்குக் கீழ் இருப்பது குறைவு. 35 பங்குக்கு மேல் இருப்பது மிகுதி. பெரியவர்களுக்கு இவ்வெல்லைகள் முறையே 25, 50 ஆகும். ஒவ்வாமையுள்ள குழந்தையிடம் ஆஸ்துமா இல்லாமலும் இவ்வளவு உயரலாம்.

முடிவுரை

குழந்தைகளின் இயல்பு அளவுகள் சிலரிடமிருந்து, அறவரம்புக்குட்பட்டுப் பெறப்பட்டவை. வயது, அண்மைத் தொற்று, ஒவ்வாமை, மாதிரி எடுத்த முறை ஆகிய நான்கையும் கருதாமல் ஓர் எண்ணை மட்டும் கொண்டு முடிவுசெய்தால், நலமான குழந்தை நோயாளியாகக் கருதப்படலாம். நோயுற்ற குழந்தை சிகிச்சையின்றி விடப்படலாம். ஆகவே ஆய்வாளர்கள் அளவுகளுடன் இந்நான்கையும் பதிவுசெய்தல் இன்றியமையாதது.