இறகு ஒன்று, பட்டு ஒரு முழம்

தூண்டில் என்றதும் நமக்கு மண்புழுவின் ஞாபகம்தான் வரும். கொட்டாங்கச்சியில் ஈரமண்ணோடு புழுவைச் சேர்த்து எடுத்துக்கொண்டு குளக்கரைக்கு ஓடும் பையன்களை அறியாதவர் நம்மில் யார்? இங்கிலாந்தின் வடபகுதியிலோ, யார்க்ஷயர் பள்ளத்தாக்குகளில் பாயும் வார்ஃப், யூர், நிட் முதலிய ஆறுகளின் கரைகளில், புழுவைத் தொடாமலே மீன் பிடிக்கும் வித்தையொன்று பல தலைமுறைகளாக வழங்கி வருகிறது. சிறிய தூண்டில் முள் ஒன்று, பட்டு நூல் ஒரு முழம், பறவை இறகு ஒன்று, சாமான்கள் இவ்வளவே. இவற்றால் கட்டிய பொய்ப் பூச்சியைக் கண்டு, லேசில் ஏமாறாத டிரவுட் மீன் ஏமாந்து போகிறது. அந்தப் பூச்சியைக் கட்டக் கற்றுக்கொள்வது எப்படி, அதில் எது கஷ்டம் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

வித்தை புராதனமானது. 1496-இல் இங்கிலாந்தில் அச்சான ஒரு தூண்டில் நூலிலேயே 12 பொய்ப் பூச்சிகளின் செய்முறை காணப்படுகிறது. அவற்றுள் ஒன்றுக்குக் கம்பளியால் உடலும் கௌதாரி இறகால் சிறகும் அமைக்கும்படி சொல்லியிருக்கிறது. 1857-இல் ஸ்காட்லாந்துக்காரரான ஸ்டூவர்ட்டும், 1885-இல் யார்க்ஷயர்க்காரரான பிரிட்டும் எழுதிய புத்தகங்கள் இவ்வித்தைக்கு ஆதார நூல்களாக இன்றும் மதிக்கப்படுகின்றன.

மென்மையான இறகைத் தேடுவானேன்? ஆற்றின் அடியில் கற்களுக்கிடையே வளரும் பூச்சிக் குஞ்சுகள் பருவம் வந்ததும் நீரின் மேல்மட்டத்தை நோக்கி எழும்புகின்றன. அங்கே தோலை உரித்துச் சிறகு விரிப்பதற்கு முன் அவை தத்தளிக்கும் சில விநாடிகளே மீனுக்கு விருந்து வேளை. சேவலின் கழுத்திறகு விறைப்பானது. நீரின்மேல் மிதக்க வேண்டிய பூச்சிக்கு அது ஏற்றது. கௌதாரி, உள்ளான், நீர்க்கோழி ஆகியவற்றின் இறகோ நனைந்ததும் அமிழ்ந்துவிடும். நீரோட்டத்தில் அதன் இழை ஒவ்வொன்றும் துவண்டு அசையும். பூச்சியைப் போல அச்சாகச் செய்துவிட வேண்டும் என்ற ஆசை இங்கே உதவாது. உயிருள்ளது போல் அசைந்தால் போதும். அசைக்கும் வேலையை ஆறு பார்த்துக்கொள்ளும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் ‘கௌதாரியும் ஆரஞ்சும்’ என்று பெயர் பெற்ற பூச்சியிலிருந்து தொடங்குவது நலம். பெயரிலேயே பாகம் முழுவதும் அடங்கியிருக்கிறது. மேஜை விளிம்பில் பொருத்திய சிறு இடுக்கியில் முள்ளைக் கவ்வ வைத்துக்கொள்ள வேண்டும். பழைய யார்க்ஷயர்க்காரர் பலர் இடுக்கியே இல்லாமல் விரல்களுக்கிடையில் பிடித்துக் கட்டினார்களாம். அந்தச் சாமர்த்தியம் நமக்கு இப்போது வேண்டியதில்லை. ஆரஞ்சு நிறப் பட்டு இழைக்குத் தேன்மெழுகு தடவி, முள்ளின் காதுக்குச் சற்றுப் பின்னாலிருந்து ஒன்றையொன்று தொட்ட சுற்றுக்களாகச் சுற்றிக்கொண்டு போய், முள்ளின் கூர்நுனிக்கு நேர் மேலே நிறுத்தி, வந்த வழியே திரும்ப வேண்டும். நூலின் இறுக்கத்தை வாயால் சொல்லிக் கொடுக்க முடியாது. மல்லிகைச் சரம் தொடுக்கும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு அது விளங்கும்: தளர்ந்தால் பூ உதிரும், இறுக்கினால் காம்பு அறுந்துவிடும்.

பிறகு இறகு. கௌதாரியின் முதுகிலுள்ள பழுப்பு இறகில், அடியிலிருக்கும் பஞ்சு போன்ற தூவியைக் களைந்துவிட்டு, நுனியை மட்டும் விட்டு மற்ற இழைகளைப் பின்னோக்கி நீவிவிட வேண்டும். அந்த நுனியை முள்ளின் காதருகே நூலால் கட்டி, இறகின் தண்டைப் பிடித்து இரண்டே சுற்று. மிச்சத்தை நறுக்கிவிட்டு, காதையொட்டி நூலை முடிச்சிட்டால் வேலை தீர்ந்தது.

அந்த ‘இரண்டே சுற்று’தான் கஷ்டம். இறகு கையில் மீதி இருக்கும்போது மூன்றாவது சுற்றுப் போடாமல் விடுவதற்கு மனம் வருவதில்லை. மூன்று வாக்கியத்தில் அடங்கும் சங்கதியை முப்பது வாக்கியமாக்கிக் கொண்டு வரும் மாணவனைப் போலத்தான் இதுவும். அடர்த்தியாகக் கட்டிய பூச்சி மேஜையின்மேல் வெகு அழகாயிருக்கும். நீரிலோ துடைப்பத்துண்டு மாதிரி கிடக்கும். ஆகவே கட்டியவுடன் அதை ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் அமிழ்த்திப் பார்ப்பது உத்தமம். இழைகள் தனித்தனியே விரிந்து, அசைக்கும்போதெல்லாம் மூச்சு விடுவது போல் ஒடுங்கி மலர வேண்டும். இல்லாவிட்டால் பிளேடினால் அனைத்தையும் அறுத்தெறிந்துவிட்டு அதே முள்ளில் மறுபடியும் தொடங்கலாம். முள்ளுக்கு நஷ்டமில்லை.

நிறத்திலும் ஒரு நுட்பம் உண்டு. நனைந்த பட்டு, கடையில் பார்த்த நிறத்தில் இராது, கறுத்துக் காட்டும். மஞ்சள் பட்டுக்கு மெழுகு தடவினாலோ பச்சை கலந்த ஒரு மங்கல் நிறம் வந்துவிடும். வசந்தகாலத்து ஆற்றுப் பூச்சிகள் சிலவற்றின் நிறம் அதுதான். வேறு சில பூச்சிகளுக்குப் பட்டின்மேல் உரோமத்தையும் திரித்துச் சேர்ப்பதுண்டு. அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்து லைசென்ரிங் என்பவர் பட்டுக்கிடையே உரோமத்தை வைத்துத் தம் காற்சட்டைத் துணியின்மேல் உருட்டித் திரித்து வைத்துக்கொள்வாராம். கார்த்திகைக்குத் தொடையின்மேல் விளக்குத் திரி திரிக்கும் நம் பாட்டிமாருக்கு அது புது வித்தையாகத் தோன்றாது. அவருடைய புத்தகம் 1941-இல் வெளிவந்தது.

இந்த இன்பத்துக்குப் பறவைகள் கொடுத்த விலையை மறந்துவிடுவதற்கில்லை. டாட்டரெல் என்ற உப்புக்கொத்தி ஜாதிப் பறவை மனிதரைக் கண்டு அஞ்சாத சாது. அதன் இறகைத் தூண்டில்காரர் விரும்பியதும், அது அருகிப் போனதற்குக் காரணங்களில் ஒன்று. பிரிட்டனில் 1981-ஆம் வருஷத்துச் சட்டம் அதற்கு விசேஷப் பாதுகாப்பு அளித்திருக்கிறது. நம் மலைகளும் தப்பவில்லை. தென்னிந்தியக் காட்டுச் சேவலின் கழுத்திறகில் மெழுகுப் பொட்டு வைத்தாற்போல் மின்னும் புள்ளிகள் உண்டு. சால்மன் மீனுக்கான பகட்டுப் பூச்சிகளைக் கட்டுவதற்காக அந்த இறகு ஐரோப்பாவுக்கு ஏராளமாகக் கப்பலேறியது. நம் தேசத்தின் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் அந்த வேட்டைக்குத் தடை போட்டது. வெறும் இரண்டு சுற்றில் மீன் மயங்கும்போது, அத்தனை பகட்டுக்காக ஒரு பறவை இனத்தையே சூறையாடியது நியாயம் என்று நமக்குத் தோன்றவில்லை.

டிரவுட் மீனும் நமக்கு முற்றும் அந்நியமானதன்று. 1863-இல் டாக்டர் பிரான்சிஸ் டே அதை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் பொரிப்பகம் ஏற்பட்ட பின்னரே வானவில் டிரவுட் அங்கே நிலைத்தது. நம் நாட்டுக் கௌதாரியும் இப்போது சட்டத்தின் காப்பில் இருப்பதால், அதன் இறகுக்கு ஆசைப்படலாகாது. வளர்ப்புப் பெட்டைக் கோழியின் கழுத்திறகு அந்த இடத்தை நன்றாகவே நிரப்பும். தோகை உதிரும் மாதங்களில், கொல்லைப்புறத்தைப் பெருக்குகிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் வேண்டிய மட்டும் கிடைக்கும்.